சத்தமில்லாத வண்டி

மார்ச் 29, சனி

உறைமழை. படிக்கட்டில் உப்புப் போட்டும் வழுக்கல். காலை எட்டரைக்குக் கராஜ்.

எங்கள் பழைய பிக்அப்பை உயரத் தூக்கி வைத்திருந்தார்கள். கராஜ்காரர் ரெமோன் பதினேழு வருடமாக அதைப் பார்த்துவருபவர். என்னையும் கீழே வந்து பார்க்கச் சொன்னார். ஸ்குரூ டிரைவரை அடிச்சட்டத்தில் வைத்து மெல்ல அழுத்தினார். பாண் ரொட்டிக்குள் கத்தி போவதுபோல் உள்ளே போய்விட்டது. துருவெல்லாம் தேயிலைத் தூள் மாதிரி நிலத்தில் கொட்டியது.

"செ ஃபினி, மதாம்" என்றார். முடிந்தது. தெரு உப்பு தின்று முடித்துவிட்டது.

பக்கத்தில் என் கணவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். செத்த வீட்டில் நிற்பதுபோல. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன். 

வண்டியிலிருந்து எடுத்தவை: கத்தரிக்கோல் 2. கயிறு. செபமாலை. மகள் சிந்தியா பள்ளிக்கூடம் போன காலத்து மப்ளர். சீட்டுக்குக் கீழே ஒரு கைப்பிடி பயத்தங்காய் விதை. இவரது கையுறை மூன்று. மூன்றும் வலதுகை. இடதுகை ஒன்றுகூட இல்லை. எப்படி?

இல்-பிசார் தீவில் காணி வாடகைக்கு எடுத்துத் தோட்டம் செய்யத் தொடங்கிப் பதினொரு கோடை. டோர்வல் விமான நிலையத்தில் பொதி ஏற்றி இறக்கும் வேலையை இவர் விட்டது போன நவம்பரில். இந்த வருடம்தான் முழுநேரத் தோட்டம். மே நடுப்பகுதிக்குள் வண்டி வேண்டும். எரு, நாற்று, கம்பு எல்லாம் பஸ்ஸில் கொண்டுபோக முடியாது.

வீட்டுக்குப் பஸ்ஸில்தான் வந்தோம். மூன்று கையுறையையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

மழை. ஜன்னலோரத் தட்டுகளில் கத்தரி முளை: 40க்கு 31. மிளகாய் இன்னும் இல்லை. பாகல் மூன்று தலைகாட்டியது.

வேலையில் சூப் அடிப்பிடித்தது. என் பிழை இல்லை. முதியோர் இல்லத்துச் சமையலறையில் பிழை யாருடையதென்றாலும் கிளறியவள் நான்தான்.

வெர்தனில் இருந்து சிந்தியாவின் ரெலிபோன். பின்னால் குழந்தைகளின் சத்தம். அவள் வேலை செய்யும் கார்டரியில், குழந்தைகள் காப்பகத்தில், அப்போது பகல் தூக்கம் முடிந்த நேரம்.

"எக்கூட், கேளுங்கோ அம்மா. ஹைபிரிட்தான் எடுக்கோணும். அப்பாட்டச் சொல்லுங்கோ."

"நீயே சொல்லு பிள்ளை."

"அவர் என்னோட கதைக்கமாட்டார். உடன உங்களிட்டக் குடுத்திடுவார்."

சரி. எழுதிப் பார்ப்போம்.

ஹை. = பெற்றோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்தது. சுவரில் செருகத் தேவையில்லை. பிறேக் பிடிக்கும்போது பற்றறி தானே ஏறும்.
பெ. = வெறும் பெற்றோல்.

ஹை. பக்கம்: பெற்றோல் பாதிதான் குடிக்கும். நாங்கள் வீடு இருக்கிற என்.டி.ஜி.யில் இருந்து தோட்டத்துக்குப் போவதற்குள் சென்-ஜான் வீதியில் எல்லாச் சிவப்பு விளக்கும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். நிற்கும்போது எஞ்சின் அணைந்துவிடுமாம்.
பெ. பக்கம்: நாலு சில்லும் இழுக்கும். ட்ரெயிலர் நிறைய எரு இழுக்கும். ரெமோனுக்குத் திருத்தத் தெரியும். (நாலு சில்லு இழுக்கும் ஹை. உண்டு. ஆனால் இப்போது ஓடர் கொடுத்தால் இலையுதிர்காலத்தில்தான் வரும். கையில் இருப்பது முன்சில்லு மட்டும்.)

இரவுச் சாப்பாட்டில் இவர்: "குளிருக்குப் பற்றறி செத்துப்போடும்."

நான்: "டாக்சி எல்லாம் உதுதானேயப்பா. தை மாசத்திலயும் ஓடுது."

"டாக்சிக்காரன் எரு ஏத்துறவனோ?"

புட்டு நன்றாக வந்தது.

பட்டியலில் எழுதாத காரணம் ஒன்று. பழைய வண்டியின் புகைக்குழாயில் ஓட்டை விழுந்து பல வருடம். போகவரக் கத்திக் கத்தித்தான் கதைத்தோம். பிறகு கத்துவதையும் விட்டோம். வண்டிக்குள்தான் நாங்கள் இரண்டு பேரும் தனியாக இருக்கும் நேரம். எனக்கு இவரோடு கதைக்க வேண்டும். இதை ஹை. பக்கம் எப்படி எழுதுவது?

ஏப்ரல் 5, சனி

வெயில். 6 டிகிரி. தெருவெல்லாம் தண்ணீர் ஓடுகிறது. வண்டிக்கடை.

விற்கிறவள் மெலனி, சிந்தியாவின் வயதுப் பிள்ளை. எங்களுக்காகப் பிரெஞ்சை மெல்ல மெல்ல உடைத்துப் பேசினாள். இவரது பிரெஞ்சு விமான நிலையப் பிரெஞ்சு: முன்னால் வா, நில், கவனம். வண்டி ஓட்ட இந்த மூன்றும் போதும் என்பார்.

சாம்பல் நிற ஹை. இவர் ஏறிப் பொத்தானை அழுத்தினார். காத்திருந்தார். மறுபடி அழுத்தினார். காத்திருந்தார். மூன்றாம் முறையும் அழுத்த, மெலனி சிரித்துவிட்டாள். முதல் தரமே தயாராகிவிட்டதாம். இரண்டாம் தரம் அணைத்துவிட்டாராம். இப்போது மறுபடி தயார். இவருக்குக் காதுமடல் சிவந்தது.

எங்களைத் தனியாகப் போய்வர விட்டாள். அப்பா, என்ன அமைதி! வைப்பரின் சத்தம், சேற்றுத் தண்ணீர் தெறிக்கும் சத்தம், என் கைப்பையின் ஜிப்பின் சத்தம். எனக்குத் துணிவு வந்தது. மூன்று மாதமாக மனதில் வைத்திருந்ததைச் சொன்னேன். முகம் பார்த்துச் சொல்ல ஏதோ வெட்கம், வெளியே பார்த்தபடி சொன்னேன். சமையலறை வேலையை விட்டுவிட்டு உங்களோடு முழுநேரமும் தோட்டத்துக்கு வரட்டோ என்று.

"ஓம்" என்றார். "அடுத்ததில வலப்பக்கம்தான்."

கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

கடைக்குத் திரும்பியதும் இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு நடந்தார். மெலனி பின்னால் ஓடிவந்தாள்: "முசியே! முசியே!" வண்டியை அணைக்காமலே இறங்கியிருக்கிறார். இவர் திரும்பவில்லை. நான் கையைப் பிடித்துத் திருப்பினேன்.

"உது நிண்டிட்டுது எண்டெல்லோ நினைச்சன்."

வீட்டுக்கு வரும்வரை ஒருவரோடு ஒருவர் கதைக்கவில்லை. 'எனக்கு விருப்பமில்லை' என்றே இவர் சொல்லியிருக்கலாம். கலியாணம் கட்டி முப்பத்தொரு வருடம் ஆகிறது. 'மாட்டன்' என்று சொன்னால் நான் என்ன செத்தா போவேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பூசை. இவர் முன்பு பாடகர் குழுவில் கீழ்க்குரல். இரண்டு வருடமாக இல்லை, தொண்டை சரியில்லை என்கிறார். தொண்டைக்கு மல்லித் தண்ணீர் போட்டுக் கொடுத்தே களைத்துப்போனேன்.

கோபம் போகவில்லை. ஆனாலும் மத்தியானம் இறால் குழம்பு வைத்தேன். அது வேறு கணக்கு.

ஏப்ரல் 8, செவ்வாய்

பின்னேரம் லேசான பனி, விழுந்தவுடன் கரைந்தது. இன்று பெ. ஓட்டிப் பார்த்தோம். அதே கடை, நீல நிறம்.

பொத்தானை அழுத்தியதும் உறுமியது. இவர் முகம் மலர்ந்தது. விமானம் ஏறப்போகிற பிள்ளையின் முகம். ஒரு கை சுக்கானில், மற்றக் கையை விரித்து முன்பலகையில் வைத்திருந்தார். மாட்டின் முதுகில் வைப்பதுபோல.

"இது உயிரோட நிக்குது, ரெஜி. பாரும், கையில தெரியுது."

"உங்களுக்கு விருப்பமெண்டா எடுங்கோ."

"நீர் மனசாரச் சொல்லேல்லை."

"நீங்களும் அண்டைக்கு மனசாரச் சொல்லேல்லை."

"எண்டைக்கு?"

உண்மையாகவே தெரியாத முகம். நடிக்கிறார் என்று நினைத்தேன். ஆனால் இவருக்கு நடிக்கத் தெரியாது. பாஸ்கா நாடகத்தில் உரோமைச் சேவகனாக நின்று, பிலாத்து பேசும்போது கொட்டாவி விட்டவர்.

ஏப்ரல் 10, வியாழன்

வெயில். மிளகாய் முளைத்தது! 12.

நடையில் இருக்கும் புகை அலாரம் நான்கு நாளாக அரை நிமிடத்துக்கு ஒருமுறை 'கீச்' என்கிறது. பற்றறி முடிந்துவிட்டது. மாற்றுங்கோ என்று இரண்டு தரம் சொன்னேன். "ஓம் ஓம்." இன்று வேலையால் வந்து பார்க்கிறேன்: அலாரத்துக்கு நேர் கீழே கதிரை போட்டு, நாற்றுகளுக்குப் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தார். கீச். எழுதினார். கீச். எழுதினார். பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே நின்று அலாரத்தைப் பார்க்கிறது. இவர் நிமிரவில்லை.

காலணியைக் கழற்றிவிட்டு மெல்லப் போய்ப் பின்னால் நின்றேன்.

"இஞ்சாருங்கோ."

ஒன்றுமில்லை.

"என்னப்பா."

ஒன்றுமில்லை.

பிறகு, எனக்கே ஒருமாதிரியாக இருந்தது, கலியாணம் கட்டி முப்பத்தொரு வருடத்தில் முதல் தரமாக இவரது பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். "அன்ரன்." இன்னொரு தரம், "அன்ரன்." எனக்கு முகமெல்லாம் சூடு. இவர் 'புடோல்' என்று எழுதி, பிழை கண்டு, 'புடோலை' வெட்டிவிட்டுப் 'புடலங்காய்' என்று எழுதினார்.

தரை அதிர்ந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்த்து, "எப்ப வந்தனீர்?" என்று சிரித்தார்.

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். எத்தனை 'ஓம்'. எத்தனை வருடத்து 'ஓம்'. தொண்டை இல்லை, காது. அன்றைக்கு வண்டிக்குள் இவர் மறுக்கவே இல்லை. இவருக்குக் கேட்கவே இல்லை.

கோபப்பட்ட ஐந்து நாளுக்கும் வெட்கமாக இருக்கிறது. இறால் குழம்பு வைத்தது நல்லது.

ஏப்ரல் 11, வெள்ளி

சிந்தியாவுக்குச் சொன்னேன். முழுவதையும் கேட்டாள். பிறகு:

"அப்ப அதுதான் என்னோட போனில கதைக்கிறேல்லையா? நான் தமிழ் பிழையாக் கதைக்கிறன் எண்டு அப்பாவுக்குப் பிடிக்கேல்லை எண்டு நினைச்சன்."

எத்தனை வருடமாக இப்படி நினைத்திருந்தாள்? கேட்கவில்லை. இரண்டு பேரும் அழுதோம். பின்னால் யாரோ ஒரு குழந்தை மூத்திரம் வந்து "சிந்தியா, பீப்பி!" என்று கத்த, அவள் ஓடினாள்.

ஏப்ரல் 12, சனி

மேகம். காற்று. காலைச் சாப்பாட்டின்பின் எதிரே இருந்து, முகம் பார்த்துச் சொன்னேன். அலாரத்தைப் பற்றி, பெயர் சொல்லிக் கூப்பிட்டதைப் பற்றி.

"நான் செவிடோ?"

"அப்பிடி ஆர் சொன்னது?"

"நீர்தானே சொல்லுறீர்."

எழும்பி ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். ஒரு மணித்தியாலம். நான் மேசையை மூன்று தரம் துடைத்தேன்.

வந்து அதே கதிரையில் இருந்தார். ஜக்கெட்டைக் கழற்றவில்லை. தானாகவே சொல்லத் தொடங்கினார். போன ஆவணியில் ஒரு நாள், விமானத்துக்குக் கீழே. பொதி இழுக்கும் வண்டி ஒன்று பின்னுக்கு வந்திருக்கிறது. 'பீப் பீப்' என்று அடித்தபடிதான். இவருக்குக் கேட்கவில்லை. கூட வேலை செய்த பெடியன் மேலங்கியைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால்... இந்த இடத்தில் நிறுத்தினார். கையை மட்டும் மேசையில் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் இழுத்துக் காட்டினார்.

"அதுதான் பென்சன் எடுத்தனான். முழங்கால் நோ எண்டு உமக்குச் சொன்னனான்."

முழங்காலுக்கு நான் ஆறு மாதமாக எண்ணெய் தேய்த்துவிடுகிறேன்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா நீர் என்னை வண்டி ஓட விடமாட்டீர். வண்டி இல்லாட்டித் தோட்டம் இல்லை. தோட்டம் இல்லாட்டி நான் இந்தச் சோபாவில கிடந்து ரீவி பாக்கிற கிழவன்."

பிறகு ஏன் பெற்றோல் வேண்டும் என்பதைச் சொன்னார். எஞ்சின் ஓடுகிறதா, நிற்கிறதா என்று இவர் அறிவது கையால். பல வருடமாகக் கையால்தான். ஹை. கையிலும் பேசாது, காதிலும் பேசாது.

"தோட்டத்தில பின்னுக்கு எடுக்கேக்க நீர் நிண்டு 'வாங்கோ வாங்கோ' எண்டு கத்துவீர். எனக்கு ஒண்டும் கேக்காது. கண்ணாடிக்குள்ள உம்மட கையைத்தான் பாக்கிறனான். உந்தச் சத்தமில்லாத வண்டி வந்தா உமக்கும் கேக்காது. ரெண்டு பேருக்கும் கேக்காத வண்டி எங்களுக்கு என்னத்துக்கு, ரெஜி?"

இவ்வளவு நாளும் வண்டியைப் பற்றித்தான் சண்டை பிடிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜக்கெட்டை நான் கழற்றிவிட்டேன். தேத்தண்ணி. இரண்டாம் தேத்தண்ணி. காதைச் சோதிக்கப் போக ஓம் என்றார். முகம் பார்த்துத்தான் கேட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. நீண்ட வாசகம், நீண்ட பிரசங்கம். நடுவில் என்னைப் பார்த்தார். இரண்டு விரல் காட்டினேன்: இன்னும் இரண்டு நிமிடம். சிரித்தார். இத்தனை வருடமும் பிரசங்கத்தைக் கண்மூடித் தியானிக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

குளிர்காற்று. யாரோ வரவில்லை என்று கிடைத்த நேரம், சிந்தியா தேடிப் பிடித்தது. காது சோதனை.

கண்ணாடி வைத்த சிறிய அறை. இவரை உள்ளே இருத்தி, காதுகளுக்குப் பெரிய மூடி போட்டு, சத்தம் கேட்டால் கையை உயர்த்தச் சொன்னாள் சோதிக்கிற பெண். நான் வெளியே. அவள் பொத்தானை அழுத்துவது எனக்குத் தெரிகிறது. அழுத்தினாள், கை உயர்ந்தது. அழுத்தினாள், உயர்ந்தது. பிறகு அழுத்தினாள், அழுத்தினாள், அழுத்தினாள். இவர் மடியில் கைவைத்து, நல்ல பிள்ளை மாதிரி நேராக இருந்து, கவனமாகக் காத்துக்கொண்டிருந்தார். இவ்வளவு கவனமாக. நான் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, உயர்த்துங்கோ, உயர்த்துங்கோ என்று மனதுக்குள் கத்தினேன்.

அடுத்தது சொற்கள். பிரெஞ்சுச் சொல் இவருக்குத் தெரியாமல் பிழை வருமா, கேட்காமல் பிழை வருமா? அந்தப் பெண் யோசித்துவிட்டு, ஒரு தாளை என்னிடம் தந்தாள். வாயை மறைத்துக்கொண்டு நீங்கள் உங்கள் மொழியில் சொல்லுங்கள் என்றாள். எனக்கு அந்த நேரம் வேறொன்றும் வரவில்லை, தோட்டம்தான் வந்தது.

"கத்தரி." கத்தரி என்றார்.
"பாகல்." பகல் என்றார்.
"தக்காளி." சரி.
"வெண்டி." சிறிது யோசித்து, பெரிய நம்பிக்கையோடு: "வண்டி!"

நான் சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியவில்லை. என்ன என்று கேட்ட அந்தப் பெண்ணுக்கு விளக்கினேன். அவளும் சிரித்தாள். இவர் கண்ணாடிக்குள் இருந்து எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார், எதற்கென்று தெரியாமல்.

மெல்லிய, உயர்ந்த சத்தங்கள் போய்விட்டன. கனத்த, தாழ்ந்த சத்தங்கள் கேட்கும். விமான வேலை செய்தவர்களுக்கு இப்படித்தான் வரும் என்றாள். இரண்டு காதுக்கும் கருவி வேண்டும். வண்டி ஓட்டத் தடையில்லை, கண்ணாடி பார்த்து ஓட்டினால் சரி. இதைக் கேட்டதும்தான் இவர் மூச்சு விட்டார்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மழை. சிலுவைப்பாதை. கஞ்சி. நாற்றுகளைப் பெரிய சாடிகளுக்கு மாற்றினோம், 64. பேசாமல் பக்கத்தில் பக்கத்தில். கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று இல்லை, சில வேலைக்கு.

ஏப்ரல் 24, வியாழன்

14 டிகிரி. முதல் தரமாக ஜக்கெட் இல்லாமல் வெளியே. கருவி வந்துவிட்டது, பழகிப் பார்க்க. பயத்தம்விதை அளவு, காதுக்குப் பின்னால்.

தெருவில் இறங்கியதும் நின்றார். தன் காற்சட்டையைக் குனிந்து பார்த்தார். நடந்தார், நின்றார்.

"இது எப்பவும் இப்பிடி உரசுறதோ?"

வீட்டில்: "உந்தப் பிரிட்ஜ் என்னத்துக்குக் கத்துது?" "மேல்வீட்டுக்காரர் கதிரை இழுக்கினம்." "ரெஜி, நீர் நடக்கேக்க உம்மட முழங்கால் 'டக்' எண்டுது." "நீர் ஏன் இப்பிடிக் கத்திக் கத்திக் கதைக்கிறீர்?"

ஏன் கத்துகிறேனாம்!

பின்னேரம் முறுக்குச் சாப்பிட்டேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற அறைக்குப் போய்ச் சாப்பிட்டேன். அங்கேயும் கேட்கிறதாம்.

பிறகு ரெலிபோனைத் தானாக எடுத்து, தானாக இலக்கம் அழுத்தி, சிந்தியாவைக் கூப்பிட்டார். நான் சமையலறையில் வெங்காயம் வெட்டினேன். இருபது நிமிடம். என்ன கதைத்தார்கள் தெரியாது. "உன்ர தமிழ் நல்ல தமிழ் பிள்ளை" என்றது மட்டும் கேட்டது. வெங்காயம் கடும் காரம்.

ஏப்ரல் 26, சனி

மெலனியிடம் இரண்டு மணித்தியாலம் கேட்டு வாங்கிக்கொண்டு, சாம்பல் ஹை.யில் தோட்டம் வரை போனோம். இன்னும் ஒரு தரம் பார்ப்போம் என்று இவர்தான் சொன்னார்.

பின்னுக்கு எடுக்கும்போது இந்த வண்டியும் ஒரு சத்தம் போடும் என்று மெலனி செய்து காட்டினாள். 'ஊ' என்று மெல்லிய சத்தம். இவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "கோயில் ஓர்கனில ஒரு கட்டையை அமத்தின மாதிரி" என்றார். கேட்டது! எனக்கும் கேட்டது.

சென்-ஜான் வீதி. சிக்னல் போட்டார். 'டிக் டிக்.' "உது சத்தம் போடுமோ?" என்று மூன்று தரம் போட்டு அணைத்தார். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். அதையும் கேட்டுச் சந்தோசப்பட்டார்.

பாலத்துக்குக் கிட்ட நான் சொன்னேன்: "அண்டைக்கு உங்களிட்ட ஒண்டு கேட்டனான்."

"எண்டைக்கு?"

"முதல்தரம் உந்த வண்டியில வரேக்க."

"நான் என்ன சொன்னனான்?"

"'ஓம், அடுத்ததில வலப்பக்கம்' எண்டனீங்கள்."

கொஞ்சம் யோசித்தார். பிறகு சிரித்துக் குலுங்கிக் கண்ணைத் துடைத்து, பாலம் தாண்டியதும் ஓரமாக நிறுத்தினார். வண்டி அணைந்ததா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

"இப்பச் சொல்லும்."

இம்முறை முகம் பார்த்தேன். "சமையலறை வேலையை விட்டிட்டு, உங்களோட தோட்டத்துக்கு முழுநேரமும் வரட்டோ?"

சுக்கானைப் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பச் சொல்ல வாயெடுத்தேன். கையை உயர்த்தினார்.

"கேட்டது. கேட்டது." பிறகு மெல்ல: "பென்சன் எடுக்கேக்கையே உம்மட்டக் கேக்க இருந்தனான். நீர் மாட்டன் எண்டு சொல்ல, நான் அதை ஓம் எண்டு விளங்கிக்கொண்டிட்டா எண்ட பயம்."

"அப்ப ஓமோ?"

"ஓம். இது கேட்டுச் சொல்லுற ஓம்."

இவ்வளவு நல்லதற்குப் பிறகு சேறு. தோட்டத்துப் பாதையின் சரிவில் முன்சில்லுகள் சுழன்று சுழன்று புதைந்தன. இவர் இறங்கித் தள்ள, முகமெல்லாம் சேறு. காணிக்காரர் முசியே கஸ்தோன் உழவு யந்திரத்தைக் கொண்டுவந்து இழுத்துவிட்டார். "சின்ன வண்டி, பெரிய வசந்தம்" என்றார் பிரெஞ்சில். கழுவித்தான் திருப்பிக் கொடுத்தோம். மெலனி சில்லுக்கு உள்ளே விரலை விட்டுப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் சிரித்தாள்.

மே 3, சனி

சிந்தியா வந்தாள். தோசை. மேசையில் மூன்று பேரும், முடிவெடுக்க.

நான் பெ. என்றேன். சேற்றில் புதைந்ததைப் பார்த்த பிறகும் என்னத்துக்குப் பிடிவாதம்? நாலு சில்லு வேண்டும், எரு இழுக்க வேண்டும். தோட்டம்தான் இனிமேல் எங்கள் வேலை.

இவர் ஹை. என்றார்.

சிந்தியா தோசையோடு நின்றுவிட்டாள். "என்ன, நீங்கள் ரெண்டு பேரும் மாறி மாறி?"

"சேறு சித்திரையிலதான். நாங்கள் நடுறது வைகாசி. அதுக்கு முன்னம் போற நாளில மேல வீதியில விட்டிட்டுத் தள்ளுவண்டியில கொண்டு போவம்."

"ட்ரெயிலர்?" என்றேன். "நிறைய எரு ஏத்தினா இழுக்காதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"அரைவாசி ஏத்துவம். ரெண்டு தரம் போவம்."

"ரெண்டு தரமோ! நேரம் போகாதோ?"

"ரெண்டு தரம் போனா ரெண்டு தரம் கதைக்கலாம்."

தோசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சிந்தியா "மொன் தியூ" என்றாள், கடவுளே என்று. நான் சட்னி எடுக்க எழும்பினேன். சட்னி மேசையில்தான் இருந்தது.

ஒரு நிபந்தனை எழுதி வைத்தோம்: பின்னுக்கு எடுக்கும்போது நான் வண்டிக்கு நேர் பின்னால் நிற்பதில்லை. கண்ணாடியில் தெரியும் பக்கத்தில்தான். கருவி இருந்தாலும்.

மே 9, வெள்ளி

வேலையில் கடிதம் கொடுத்தேன். மாத முடிவோடு சரி. பெரிய சமையல்காரி கட்டிப்பிடித்து, கத்தரிக்காய் கொண்டுவந்து தரவேண்டும் என்றாள். சூப்புச் சட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மே 15, வியாழன்

வண்டி வந்தது. சாம்பல். ஆசீர்வதிக்க வந்த சுவாமியார் பொத்தானை அழுத்திவிட்டு, "ஓடுதோ?" என்று கேட்டார். இவர், மிகப் பெரியவர் மாதிரி: "கொஞ்சம் உத்துக் கேளுங்கோ, ஃபாதர்."

கருவி இடது காதில் புண்ணாக்குகிறது. சரிசெய்ய செவ்வாய் போக வேண்டும். சனக்கூட்டத்தில் இன்னும் சரியாகக் கேட்கவில்லை. கல்யாண வீடுகளில் பழைய 'ஓம்'தான். பிரிட்ஜோடு சமாதானம்.

மே 24, சனி

19 டிகிரி, தெளிந்த வானம். வாங்கிய நாற்றையும் சேர்த்துத் தக்காளி 60, கத்தரி 48, மிளகாய் 40. எரு இரண்டு தரம். போக, வர, போக, வர. கதைத்தவை: முசியே கஸ்தோனின் முழங்கால். சிந்தியாவுக்கு ஒரு பெடியனைப் பிடித்திருக்கிறதாம், என்னிடம் சொல்லவில்லை, இவரிடம் போனில் சொல்லியிருக்கிறாள்! பாகலுக்குப் பந்தல் உயரம். மரணம், ஐந்து நிமிடம். மறுபடி பந்தல்.

இரண்டாம் தரம் முடிந்து வரும்போது பாலத்துப் பக்கம் திரும்பாமல் நேரே விட்டார்.

"எங்கை போறியள்?"

"அக்கரையில லாவாலுக்குப் படகு போகுது. பதினொரு வருசமா அந்தப் பலகையைப் பாக்கிறன்."

சின்னப் படகு. வண்டிகள் சில, சைக்கிள்கள். வண்டியோடு ஏறி நின்றதும் இறங்கிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். நகத்துக்குள் எல்லாம் மண். தண்ணீர் பலகையில் 'சளக் சளக்' என்று அடித்தது. கேட்கிறதா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. சில நிமிடம்தான், மறுகரை வந்துவிட்டது.

இறங்கினோம். பெரிய பெரிய வீடுகள், மரங்கள். லாவால் பக்கத்தில் எங்களுக்கு ஒருவரையும் தெரியாது. போவதற்கு ஓர் இடமும் இல்லை. கொஞ்சத் தூரம் போய், வண்டியைத் திருப்பி, மறுபடி படகுக்கு வரிசையில் நின்றோம். முன்னால் நிறைய வண்டிகள். படகுக்காரன் ஜன்னலில் குனிந்து, சனிக்கிழமை, அரை மணித்தியாலம் காத்திருக்க வேண்டி வரும் என்று மன்னிப்புக் கேட்டான்.

"நல்லது" என்றார் இவர், அவனிடம், தமிழில்.